ஒரிஜினல் சத்தம்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் ‘ஒரிஜினல்’. கேலிக்கு வைத்த பெயர் என்று எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. யாராவது “ஒரிஜினல் சார்” என்று கூப்பிட்டால், பட்டம் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்துகொண்டு திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கு மருந்துக்கடையில் வேலை. இருபத்தெட்டு வருஷமாக ஒரே கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார். டாக்டர் எழுதிய மருந்து கடையில் இல்லையென்றால் வேறு கம்பெனியின் மருந்தை எடுத்து நீட்டுவார். வந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது வேற மாதிரி இருக்கே சார்?” என்று இழுப்பார். “கம்பெனிதான் வேற, மருந்து ஒண்ணுதான். தைரியமா சாப்பிடுங்க” என்பார் இவர். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இதைச் சொல்லுவார். இருதயத்துக்கு, சர்க்கரைக்கு, குழந்தையின் காய்ச்சலுக்கு, எதற்கும் மாற்று உண்டு என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அவருடைய காரில் மட்டும் ஒரு திருகாணி மாறக் கூடாது.

கார் எனக்கு மூத்தவள். கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்னால் வாங்கினார். அப்போதே அது பழைய கார்தான். உருண்டை உருண்டையாக இரண்டு விளக்கு, பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக முன்சீட்டு. செய்த கம்பெனி முதலில் அந்த மாடலை நிறுத்தியது, பிறகு அதற்கான பாகங்களை நிறுத்தியது, கடைசியில் கதவையே சாத்திவிட்டுப் போய்விட்டது. பெற்றவர்களே கைவிட்ட பிறகும் இவர் விடுவதாக இல்லை. ஒரு தடவை என் பக்கத்துக் கதவின் கைப்பிடி உடைந்தது. வேறு காரின் கைப்பிடி நன்றாகவே பொருந்தும் என்றார்கள். இவர் ஒரிஜினலுக்காகப் பதினாலு மாதம் காத்திருந்தார். அந்தப் பதினாலு மாதமும் நான் டிரைவர் பக்கமாக ஏறி, சீட்டிலேயே தவழ்ந்து என் இடத்துக்குப் போனேன். அதை ஒரு தியாகம் என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கிளப்பி வாசலில் நிறுத்துவார். பின்பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் புகைக்குழாயின் சத்தத்தைக் கேட்பார். என்னையும் கூப்பிட்டு நிற்க வைப்பார்.

“கேட்டியா? அடியில தம்புரா மாதிரி ஒரு கார்வை ஓடுது பாரு. இதான் ஒரிஜினல் சைலன்சரோட சத்தம். வேற எதை மாட்டினாலும் இது வராது. எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாக்கூடச் சொல்லிடுவேன்.”

“ஆமாங்க” என்பேன்.

இந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது பால் வண்டியின் சைலன்சர்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. காலையும் மாலையும் நான்தான் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். மூன்றாம் நாள் கடைத்தெரு சிக்னலில் ஏதோ அறுந்து விழுந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் லாரி வருகிறது என்று ஜனங்கள் ஒதுங்கினார்கள். விழுந்ததைப் பொறுக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, மானத்தை அங்கேயே விட்டுவிட்டு, எங்கள் வெல்டரிடம் போனேன். அவர் அதை ஒரு தட்டுத் தட்டினார். பாதி கையோடு வந்தது.

“அக்கா, இதை ஒட்ட முடியாது. ஒட்டறதுக்குத் தகரம் வேணும்ல? இதுல துரு மட்டும்தான் இருக்கு.”

“வேற கிடைக்குமா?”

“இந்தக் காருக்கா?” என்று சிரித்தார். பட்டறையில் பால் வண்டிக்கு வாங்கி வைத்திருந்த புது சைலன்சர் ஒன்று இருந்தது. குழாயை வெட்டி, கொக்கியை இடம் மாற்றி, அரை நாளில் மாட்டிவிட்டார். “சார் கேட்டா என்ன சொல்றது?” என்றார். “நான் சொல்லிக்கறேன்” என்றேன். சத்தியமாகச் சொல்வதாகத்தான் இருந்தேன்.

பதினெட்டாம் நாள் அவரை வாடகைக் காரில் படுக்க வைத்துக் கூட்டிவந்தோம். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர், வீட்டுக்குள் கால் வைக்காமல் கார் சாவியைக் கேட்டார். மெல்ல உட்கார்ந்து கிளப்பினார். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணோரத்தில் தண்ணீர் நின்றது.

“இந்தச் சத்தத்தைக் கேட்டப்புறம்தான் பொழச்சு வந்துட்டேன்னு நம்பிக்கை வருது” என்றார்.

அந்த நேரத்தில் வாயைத் திறந்து உண்மை பேச ஒன்று மகா தைரியம் வேண்டும், அல்லது நெஞ்சு கல்லாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளி வைத்தேன். அது பதினோரு வருஷமாகிவிட்டது. குனியக் கூடாது, காருக்கு அடியில் படுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அவரும் கீழே பார்க்கவில்லை. டாக்டருக்கு நான் போட்ட கும்பிடு கொஞ்சநஞ்சமல்ல.

இந்த வருஷம் குட்டு வெளிப்படும் காலம் வந்தது. பழைய கார்களை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பால் வண்டிச் சைலன்சருக்கும் வயதாகிவிட்டதே, அதிலும் ஓட்டை. பரிசோதகர் சத்தம் அளக்கும் கருவியைக் குழாய்க்குப் பின்னால் நீட்டினார். முள் எல்லையைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. கண்ணாடியில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினார். முப்பது நாளில் சரிசெய்து கொண்டுவர வேண்டும். இரண்டாவது தடவையும் தேறாவிட்டால் பதிவு ரத்து. அப்புறம் காரை ஓட்டவும் முடியாது, தெருவில் நிறுத்தவும் முடியாது. பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. காருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தெருவில் போகிறவர்கள் பார்த்தால், உள்ளே யாருக்கோ ஆபரேஷன் நடக்கிறது, இவர் வெளியே காத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எத்தனை கேலி பேசினாலும் அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வெல்டரிடம் போனோம். வெல்டர் நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் துறுதுறுக்கும்.

“சார், எதுக்கு அலையணும்? வேற வண்டி சைலன்சர் ஒண்ணை வெட்டி ஒட்டிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?”

“என் காருக்கா? என் காது என்ன செவிடா?” என்றார் இவர்.

வெல்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரிஜினலைத் தேடுவதென்று முடிவாயிற்று. தேடுவதற்கு அளவு வேண்டும். வெல்டர் காருக்கு அடியில் புகுந்து, மாட்டியிருந்ததை அளந்து, உள்ளிருந்து குரல் கொடுத்தார். “நீளம் இருபத்திரண்டு இஞ்ச். உருண்டை. பைப் நுழையற வாய் நடுவுல.” மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதுகிற மாதிரி இவர் ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டார். பிறகு நான் வெல்டரைத் தனியாகப் பிடித்தேன்.

“அளவை மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“அக்கா, நான் சொல்லாம இருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்” என்றார். எல்லோருக்கும் ஒரு கொள்கை இருக்கிறது, எனக்குத்தான் கிடையாது.

பழைய பாகங்கள் விற்கும் கடைகளுக்கு மெயில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். பத்து விரலாலும் தட்டுவேன். அவர் சொல்லச் சொல்ல, இருபத்திரண்டு இஞ்ச், உருண்டை, வாய் நடுவில் என்று என் கையாலேயே தட்டி அனுப்பினேன். முகத்தை ஆபீஸ் முகமாக வைத்துக்கொண்டேன்.

பதில்கள் வந்தன. முதல் கடைக்காரர், ‘உங்கள் காரின் சைலன்சர் பதினெட்டு இஞ்ச், முட்டை வடிவம், வாய் ஓரத்தில் இருக்கும்’ என்று பணிவாக எழுதியிருந்தார். இரண்டாமவரும் அதையே எழுதினார். மூன்றாமவர், ‘எந்தக் காரை அளந்தீர்கள்?’ என்று கேட்டிருந்தார்.

“என் காரைப் பத்தி இவனுங்க எனக்குச் சொல்லித் தர்றானுங்க” என்று அவர் பாகப் புத்தகத்தை எடுத்தார். அந்தக் காரின் ஒவ்வொரு துண்டையும் படம் போட்டு நம்பர் கொடுத்திருக்கும் தடிப் புத்தகம் அது. அதைத் தொடுவதற்கு முன் கை கழுவுவார். பக்கத்தைத் திருப்பினால், படத்தில் முட்டை வடிவம், வாய் ஓரத்தில். வெகுநேரம் பார்த்தார். சரி, தப்பித்தோம், இனி அவருக்கே புரிந்துவிடும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பென்சிலை எடுத்து, படத்தை அடித்து, ஓரத்தில் ‘அச்சுப் பிழை, உருண்டை’ என்று எழுதினார்.

“நான் பார்த்திருக்கேனே. வாங்கின புதுசுல அடியில படுத்து என் கண்ணால பார்த்தேன். உருண்டைதான்” என்றார்.

அன்றைக்கு எனக்குத் தலைவலி வந்துவிட்டது. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. காரைப் பற்றி அரை மணி பேசினால் வரும் என்று சொன்னால் டாக்டர் நம்புவதில்லை. அதற்கு ஒரே ஒரு மாத்திரைதான் எனக்குச் சேரும், ரோஸ் நிறத்தில் ஒரே ஒரு கம்பெனியுடையது. வேறு எதைப் போட்டாலும் குமட்டும். மாதம் பிறந்தால் என் கண்ணாடிப் புட்டியை எடுத்துப்போய் அவரே நிரப்பிக் கொண்டுவந்துவிடுவார். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. நடுவில் ஒரு தடவை மாத்திரை கொஞ்சம் வெளுத்து வந்தது. கேட்டதற்கு, “சாயத்தைக் குறைச்சிருக்காங்க, உடம்புக்கு நல்லது” என்றார். நல்ல கம்பெனி என்றால் அப்படித்தான், எதையும் யோசித்துச் செய்வார்கள். ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தேன். அரை மணியில் விட்டது.

நாலாவதாக ஒரு கிழவர் எழுதினார். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ கடை. வாழ்நாளெல்லாம் இதே தொழிலாம். ‘ஐயா, உங்கள் காருக்கான சைலன்சர் என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. கம்பெனி உறை பிரிக்காதது. பதினெட்டு இஞ்ச், முட்டை வடிவம். ஐந்து நாளில் உங்கள் கைக்கு வந்துவிடும். நீங்கள் எழுதிய அளவு ஏதோ பால் வண்டியுடையது மாதிரி தெரிகிறது’ என்று எழுதியிருந்தார். படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். பளபளவென்று, கம்பெனி முத்திரையோடு, உலகத்திலேயே கடைசியாக மிச்சமிருந்த ஒரிஜினல்.

“பால் வண்டியா! பால் வண்டின்னா எழுதியிருக்கான்?” அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். “டூப்ளிகேட்டை நம்ம தலையில கட்டப் பார்க்கிறான். முத்திரை யார் வேணும்னாலும் அடிக்கலாம். வேண்டாம்னு எழுது.”

“நல்லா இருக்கற மாதிரிதாங்க தெரியுது. வாங்கிப் பார்த்தா என்ன?”

“உனக்கு என்ன தெரியும்? எழுது.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷப் பொய்யை ஒரு மெயிலுக்கு நடுவில் எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ‘தங்கள் பொருள் எங்களுக்குத் தேவையில்லை’ என்று தட்டி அனுப்பினேன். அனுப்பிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

சீட்டில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி. அவர் மத்தியானம் சாப்பிட வந்தார். தட்டில் போட்டதை விரலால் தள்ளிக்கொண்டே, “கொண்டுபோய் இரும்புக்குப் போட்டா, நசுக்கறதை நான் பார்க்கணுமா, இல்லை கையெழுத்து மட்டும் போட்டா போதுமா?” என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“அளவு தப்பில்லைங்க. மாட்டியிருக்கறதுதான் தப்பு” என்று ஆரம்பித்து, சிக்னலில் விழுந்ததிலிருந்து முழுவதையும் கொட்டிவிட்டேன்.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “பால் வண்டியா?”

“பால் வண்டிதான்.”

“நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நின்னு கேட்டது...”

“அதுதான்.”

“நீயும் பக்கத்துலயே நின்னு, ஆமாங்க ஆமாங்கன்னு...”

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். காரைக் கிளப்பினார். ஓட்டைச் சைலன்சர் தெருவையே அதிர வைத்தது. பின்னால் போய்த் தலையைச் சாய்க்காமல் நேராக நின்று கேட்டார். பிறகு அணைத்துவிட்டுக் கடைக்குப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. எதிர்வீட்டு அம்மாள் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் கேட்ட மருந்து இல்லை. வேறு கம்பெனி கொடுங்களேன் என்றாளாம். “வேற கடையில பாருங்கம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். “உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?” என்று என்னிடம் வந்து விசாரித்தாள்.

மூன்றாம் நாள் வாயைத் திறந்தார். “அந்தக் கிழவருக்கு எழுது. அந்த ஒண்ணு இருக்கான்னு கேளு. நம்ம மேலதான் தப்புன்னும் எழுது.”

எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. எங்கள் கடிதம் போன மறுநாளே வேறொருவர் வாங்கிவிட்டாராம். ‘உங்களுக்காகத்தான் வைத்திருந்தேன்’ என்று கடைசியில் ஒரு வரி. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். என் மேல் பாயப்போகிறார் என்று காத்திருந்தேன். பாயவில்லை. ‘வேண்டாம்னு எழுது’ என்று சொன்னவர் அவர்தானே. அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“வெல்டரைக் கூப்பிடு” என்றார்.

உலகமெல்லாம் தேடிய இருபத்திரண்டு இஞ்ச் உருண்டைச் சைலன்சர் எங்கள் தெருமுனைக் கடை வாசலில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் இரண்டு வேளை அதைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போய் வருகிறார். வெல்டர் ஒன்றை வாங்கி அரை மணியில் மாட்டிவிட்டார். இவர் தாங்க முடியாமல் கண்ணை மூடுவார் என்று பார்த்தேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டேயிருந்தார்.

இருபத்தெட்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பரிசோதனை மைதானத்தில் வரிசையில் நின்றோம். முன்னால் ஏழு கார். இதில் தேறாவிட்டால் திரும்பும்போது நடந்துதான் வர வேண்டும். ஐந்தாவது கார் நகர்ந்தபோது எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. பையிலிருந்து புட்டியை எடுத்து ஒரு மாத்திரையை விழுங்கினேன்.

“நல்லவேளை, இந்த மாத்திரையாவது ஒழுங்கா வருது. கண்ட கம்பெனி மாத்திரையா இருந்தா இந்நேரம் இங்கேயே சுருண்டு விழுந்திருப்பேன்” என்றேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு ஆளே குலுங்கினார். பக்கத்து வரிசைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“எதுக்குச் சிரிக்கறீங்க?”

“ஒண்ணுமில்லை.”

“இப்ப சொல்லப்போறீங்களா இல்லையா?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் கம்பெனி இந்த மாத்திரையை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆச்சு.”

கையில் புட்டி இருந்தது. “அப்ப இது?”

“கம்பெனிதான் வேற...”

“மேல பேசாதீங்க” என்றேன். “சாயத்தைக் குறைச்சுட்டாங்கன்னு சொன்னீங்களே!”

“இதை விட ரோஸா கிடைக்கலை. எட்டுக் கம்பெனி மாத்திரையை வரவழைச்சு, உன் பழைய மாத்திரைக்குப் பக்கத்துல வச்சு வச்சுப் பார்த்தேன். இதுதான் கிட்ட வந்துச்சு.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா அன்னிக்கே குமட்டியிருப்பே.”

குமட்டியிருப்பேன்தான். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் புட்டியைப் பைக்குள் போட்டுப் படாரென்று மூடினேன். எட்டுக் கம்பெனி மாத்திரையை வரிசையாக வைத்துக்கொண்டு, கடையில் விளக்கடியில் உட்கார்ந்து இந்த மனுஷன் நிறம் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் அழுகையும் வந்தது. வரிசையில் நின்றுகொண்டு எதைச் செய்வது? ஒன்றும் செய்யவில்லை.

பரிசோதகர் கூப்பிட்டார். கருவியைப் பின்னால் நீட்டினார். இவர் வண்டியைக் கிளப்பி, சொன்னபடி மிதித்தார். முள் எழும்பி, எல்லைக்குக் கீழேயே நின்றது.

“பழைய வண்டியாச்சே, சைலன்சர் ஒரிஜினலா?” என்று எழுதிக்கொண்டே கேட்டார் பரிசோதகர்.

தெருவில் அத்தனை பேர் கூப்பிட்டும் வராத கூச்சம் அவர் முகத்தில் வந்தது. “இல்லை சார், பால் வண்டியோடது” என்றார்.

“சத்தம் சரியா இருக்கு. போங்க” என்று சிவப்புச் சீட்டைக் கிழித்துப் போட்டார் அவர்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் அடியில் கார்வையோடு ஓடியது. பால் வண்டியாகவே இருக்கட்டும், நல்ல சத்தம்தான். தெருமுனைக் கடையைத் தாண்டும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

“தலைவலி எப்படி இருக்கு?”

விட்டிருந்தது. ஒன்பது வருஷமாக விடுகிற மாதிரியே, சரியாக அரை மணியில் சுத்தமாக விட்டிருந்தது.

“அப்படியேதான் இருக்கு” என்றேன்.